அத்தியாயம் 7: ஆய்வுக் கணக்கை நேராக வைப்பதும் நேர்மையாக வளர்ப்பதும்

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் சிப்காட் தொழிற்பேட்டைகளைச் சுற்றி எத்தனையோ பொறியியல் கல்லூரிகளும் கலை அறிவியல் கல்லூரிகளும் இருக்கின்றன. அவற்றில் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வும் செய்யும் ஆசிரியர்களுக்கும், பகுதி நேரமாகப் பிஎச்.டி. செய்பவர்களுக்கும் எழுதப்பட்டது இந்த அத்தியாயம். என்ஐஆர்எஃப் தரவு அனுப்பும்போதும், நாக் மதிப்பீட்டின்போதும், பதவி உயர்வு நேர்காணலிலும் உங்களிடம் மூன்று கேள்விகள் தவறாமல் வரும். எத்தனை பேப்பர்? சைடேஷன் எவ்வளவு? எச்-இன்டெக்ஸ் என்ன? பொறியியல் கல்லூரிகளுக்கான என்ஐஆர்எஃப் தரவரிசையில் ஆய்வுக்கு மட்டும் 30 விழுக்காடு எடை உண்டு. ஆகவே நிர்வாகம் இந்த எண்களை விடாமல் கேட்கத்தான் செய்யும்.

கேட்பவர்களுக்குச் சரியான எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த எண் உண்மையான உழைப்பிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் வழி சொல்வதே இந்த அத்தியாயம்.

மேற்கோளின் அருமை தமிழ்ப் படிப்பாளிகளுக்குப் புதிதல்ல. மூவேந்தரைப் பாடிய முத்தொள்ளாயிரம் முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்ற தொகை நூலும் உரையாசிரியர்களும் எடுத்துக்காட்டிய பாடல்கள்தான் இன்று கையில் இருக்கின்றன. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தும்போதுதான் அந்த எழுத்துக்கு ஆயுள் கூடுகிறது. சைடேஷன் எண்ணிக்கை அந்தப் பயன்பாட்டின் ஓர் அடையாளம். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எண்கள் தம் அளவில் நிற்கும்.

1. எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கட்டுரைகளின் எண்ணிக்கை உங்கள் உழைப்பின் அளவைக் காட்டுகிறது. மேற்கோள்களின் எண்ணிக்கை அந்த உழைப்பு பிறருக்குப் பயன்பட்ட அளவைக் காட்டுகிறது. இரண்டையும் ஒரே எண்ணில் சொல்ல, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்ததுதான் எச்-இன்டெக்ஸ். உங்கள் கட்டுரைகளை மேற்கோள் அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசைப்படுத்துங்கள். ஐந்தாவது கட்டுரைக்குக் குறைந்தது 5 மேற்கோள் இருந்து, ஆறாவதற்கு 6 இல்லையென்றால், உங்கள் எச்-இன்டெக்ஸ் 5.

காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஓர் ஆசிரியருக்கு 10 கட்டுரைகள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் மேற்கோள்கள் 42, 19, 11, 8, 6, 5, 3, 1, 0, 0. மொத்தம் 95. ஐந்தாவது கட்டுரைக்கு 6 இருக்கிறது; ஆறாவதற்கு 5தான் இருக்கிறது. எச்-இன்டெக்ஸ் 5. பத்துக்குக் குறையாத மேற்கோள் பெற்றவை மூன்று என்பதால் ஐ10 இன்டெக்ஸ் 3.

இன்னொருவருக்கு ஐந்தே கட்டுரைகள். மேற்கோள்கள் 60, 20, 9, 4, 2. இவருக்கும் மொத்தம் 95தான். ஆனால் எச்-இன்டெக்ஸ் 4, ஐ10 இன்டெக்ஸ் 2. சராசரியாகப் பார்த்தால் முதலாமவரின் கட்டுரைக்கு 9.5 மேற்கோள், இவருடையதற்கு 19. யாருடைய ஆய்வு பெரிது? இந்த எண்களால் பதில் சொல்ல முடியாது. கட்டுரைகளைப் படித்தவர்தான் சொல்ல முடியும்.

மூன்று எச்சரிக்கைகள்.

அ) தளத்துக்குத் தளம் எண் மாறும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, கருத்தரங்கக் கட்டுரை, முன்வரைவு என எல்லாவற்றையும் எண்ணுவதால் அதில் எண் கூடுதலாக இருக்கும். ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டும் எண்ணும். ஆகவே எந்தப் படிவத்தில் எண்ணை எழுதினாலும், எந்தத் தளம், எந்தத் தேதியில் பார்த்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆ) இதழின் எண் உங்கள் எண் அல்ல. இம்பாக்ட் ஃபாக்டர் என்பது முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்பதன் கணக்கு. சைட்ஸ்கோர் என்பது நான்கு ஆண்டுக் கணக்கு. இதழுக்குப் பெயர் இருந்தாலும் அதில் வந்த கட்டுரையை ஒருவரும் எடுத்தாளாமல் போவதுண்டு. இந்த எண்களை வைத்துத் தனி ஆய்வாளரை எடைபோடக்கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய அறிஞர்கள் வகுத்த டோரா அறிக்கை சொல்கிறது.

இ) துறைக்குத் துறை வேகம் வேறு. மருத்துவத்திலும் பொருள் அறிவியலிலும் மேற்கோள் விரைவாகச் சேரும். கணிதத்திலும் வரலாற்றிலும் மெதுவாகச் சேரும். மெக்கானிக்கல் துறை ஆசிரியரையும் ஆங்கிலத் துறை ஆசிரியரையும் ஒரே எச்-இன்டெக்ஸால் ஒப்பிடும் கூட்டத்தில் நீங்கள் இருந்தால், இதை எழுந்து சொல்லுங்கள்.

2. முதல் வேலை: பெயரைச் சரிசெய்வது

நம் ஊர் ஆய்வாளர்கள் இழக்கும் மேற்கோள்களில் ஒரு பகுதி பெயர்க் குழப்பத்தால் போகிறது. ஆங்கில இதழ்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்திருக்கின்றன. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு. சுப்பையாவின் மகன் முருகன் ஒரு கட்டுரையில் எஸ். முருகன், அடுத்ததில் முருகன் எஸ்., மூன்றாவதில் முருகன் சுப்பையா என்று பதிவாகிறார். தரவுத்தளம் மூன்று ஆட்களை உருவாக்கிவிடுகிறது. அதோடு எஸ். முருகன் என்ற பெயரில் தமிழ்நாட்டில் இருக்கும் மற்ற ஆய்வாளர்களின் கட்டுரைகளும் அவர் கணக்கில் வந்து விழுகின்றன. திருமணத்துக்குப் பின் இனிஷியலை மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளர்களின் பாதி உழைப்பு பழைய பெயரிலேயே நின்றுவிடுகிறது. கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகிப் பெயர் மாறினாலும் இதே சிக்கல்தான்.

செய்ய வேண்டியவை வரிசையாக:

• உங்கள் பெயரின் ஒரே வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். தந்தை அல்லது தாய் பெயரை முழுதாக விரித்து எழுதுவது நல்லது. எழுத்துக்கூட்டலையும் மாற்றாதீர்கள். இனி எல்லாக் கட்டுரைகளிலும் அதுவே.

• ஆர்க்கிட் எண் வாங்குங்கள். 2012 முதல் இயங்கும் இந்தத் தளம் ஆய்வாளருக்கு இலவசமாக 16 இலக்க எண் ஒன்றைத் தருகிறது. பெயர் மாறினாலும் கல்லூரி மாறினாலும் எண் மாறாது. கட்டுரை அனுப்பும்போதே அதைக் கொடுத்துவிடுங்கள்.

• கூகுள் ஸ்காலரில் சொந்தப் பக்கம் திறங்கள். கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் நீங்களே பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களுடையது அல்லாத கட்டுரை இருந்தால் உடனே நீக்குங்கள். அப்படியே விட்டுவைத்தால், அது பிறர் உழைப்பை உங்கள் பெயரில் காட்டுவதாகும்.

• ஸ்கோபஸில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். இரண்டு மூன்று பக்கங்களாகப் பிரிந்திருந்தால் ஒன்றாக்கும்படி அங்கேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை.

• இன்ஃப்லிப்நெட் நடத்தும் வித்வான் தளத்தில் பதிவுசெய்யுங்கள்.

• கல்லூரியின் பெயரைத் துறையிலுள்ள எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவது என்று கூட்டத்தில் முடிவெடுங்கள். சுருக்கப் பெயரில் ஒருவர், முழுப் பெயரில் ஒருவர் என்று எழுதினால் கல்லூரியின் மொத்தக் கணக்கே குறையும்.

இவற்றை ஒரு விடுமுறை நாளில் தொடங்கிவிடலாம். ஒரு வரிகூடப் புதிதாக எழுதாமல், உங்களுக்குச் சேர வேண்டிய மேற்கோள் உங்களிடம் வந்து சேரும்.

3. கேள்வியை வாசலிலேயே தேடுங்கள்

இந்த அத்தியாயத்தில் வேறு எதையும் செய்ய நேரமில்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது செயல்படுத்துங்கள். உலகில் ஆயிரம் பேர் செய்துவிட்ட தலைப்பில் ஆயிரத்து ஒன்றாவது கட்டுரையை எழுதினால், அதை எடுத்தாள வேண்டிய தேவை யாருக்கும் வராது. இந்த வட்டாரத்தில் இருப்பவர் மட்டுமே அருகிருந்து பார்க்கக்கூடியதை எழுதினால், உலகில் எங்கிருந்து இதைப் பற்றி எழுதுபவரும் உங்களிடம் வந்துதான் ஆக வேண்டும்.

இந்த வட்டாரத்தின் மாற்றம் அவ்வளவு வேகமானது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் கார்கள் வரத் தொடங்கின. நோக்கியா 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014இல் மூடியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய, 18,720 பேர் தங்கக்கூடிய பெண் தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏரியும் வயலுமாக இருந்த நிலம் முப்பது ஆண்டுக்குள் உலகச் சந்தையின் உற்பத்திக் களமாகிவிட்டது.

இதைப் பார்த்து எழுதியவர்களின் ஆய்வு எப்படி நிலைத்தது என்பதற்குச் சில சான்றுகள்.

சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எம். விஜயபாஸ்கர் 2010இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் ஒரு கட்டுரை எழுதினார். சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து மேற்கு வங்கம் கொதித்துக்கொண்டிருந்தபோது தமிழ்நாடு ஏன் பெரிதும் அமைதியாக இருந்தது என்பதே அவர் கேள்வி. வேளாண்மையின் நலிவையும், வயல்வேலையை விட்டு வெளியேற விரும்பிய கூலித் தொழிலாளர்களின் மனநிலையையும் வைத்து அவர் விடை தேடினார். எல்லோரும் போராட்டம் நடந்த இடங்களை ஆராய்ந்துகொண்டிருக்க, போராட்டம் நடக்காததை அவர் கேள்வியாக்கினார். தமிழ்நாட்டில் நிலமும் தொழிலும் பற்றி எழுதுபவர்கள் தொட்டாக வேண்டிய கட்டுரையாக அது ஆயிற்று.

ஆய்வாளர் மதுமிதா தத்தா 2009இல் அதே இதழில் நோக்கியா சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு அரசு கொடுத்த சலுகைகளின் பொதுச்செலவை ஆராய்ந்தார். பின்பு காஞ்சிபுரத்தில் வாடகை அறையில் தங்கியிருந்த ஆலைப் பெண்களோடு உட்கார்ந்து அவர்கள் பேச்சை ஒலிப்பதிவு செய்தார். அது மொபைல் கேர்ள்ஸ் கூட்டம் என்ற பெயரில் ஒலித்தொடராகவும், 2021இல் நூலாகவும் வெளிவந்தது. ஒரே களத்தில் பல ஆண்டுகள் நின்றதும், ஆவணத்தையும் மனிதர்களின் குரலையும் சேர்த்துப் பார்த்ததும் அந்த ஆய்வின் பலம்.

செபாஸ்டியன் ஹோம், ஹான்ஸ் கியோர்க் போலே என்ற இரு ஜெர்மானியப் புவியியலாளர்கள் சென்னைப் புறநகரின் இந்தத் தொழில் வளர்ச்சியை சீனத் தொழில்நகரின் பெயரால் ‘இந்தியாவின் ஷென்ஜென்’ என்று கொண்டாடுவது சரியா என்று கேட்டு 2012இல் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். ஜெர்மனியிலிருந்து வந்து கேட்க முடிந்த கேள்வியை, பக்கத்துக் கல்லூரியில் இருக்கும் நாம் இன்னும் நெருக்கமாகக் கேட்க முடியும்.

பொறியியல் ஆசிரியர்களுக்கும் இதே வழிதான். வெட்டுக்கருவியின் தேய்மானம், வார்ப்புக் குறைபாடு, பெயின்ட் ஷாப் கழிவுநீர், மூன்று ஷிப்ட் வேலையில் உடல் களைப்பு, ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகளால் ஏற்படும் தேக்கம், தொழிற்பேட்டைகள் வந்தபின் செம்பரம்பாக்கம் நீர்ப்பிடிப்பில் மழைநீர் ஓடும் பாதை மாறியது. இவை ஒவ்வொன்றும் இங்கே அளந்து பார்க்கக்கூடியவை. வாகனச் சோதனைக்கான குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் ஒரகடத்திலேயே இருக்கிறது. கடனாக வாங்கிய தரவுத்தொகுப்பில் ஒரு மெஷின் லேர்னிங் மாதிரியை ஓட்டிப் பார்ப்பதைவிட, நீங்களே ஓராண்டு சேகரித்த ஓர் எந்திரத்தின் அதிர்வுத் தரவுக்கு மதிப்பு அதிகம்.

தரவு கிடைக்கும் வழிகள்

ஆலை வாசலில் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே நான்கு வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

முதலாவது, உங்கள் பழைய மாணவர்கள். இங்குள்ள ஆலைகளில் குவாலிட்டி, மெயின்டனன்ஸ், புரொடக்ஷன் பிரிவுகளில் அவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் தனிப்பட்ட முறையில் கோப்புகளை எடுத்துத் தருவதை ஏற்காதீர்கள். அது அவர்கள் வேலைக்கே ஆபத்து. ஆலையில் தங்கள் பிரிவின் தலைவரிடம் உங்களை அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எழுத்துபூர்வமான ஒப்பந்தம். கல்லூரிக்கும் ஆலைக்கும் இடையே எம்ஓயூ போடும்போது, ஆலையின் பெயரையும் உற்பத்தி எண்களையும் மறைத்து முடிவுகளை வெளியிடலாம் என்ற வரி அதில் இருக்கட்டும். கட்டுரையை அனுப்புவதற்கு முன் ஆலை பார்ப்பதற்கு எத்தனை நாள் என்பதும் இருக்கட்டும். பெரிய ஆலைகள் கதவைத் திறக்காவிட்டால், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளை அணுகுங்கள். அவர்களுக்குத் தீர்க்க வேண்டிய சிக்கலும் உண்டு, பேச மனமும் உண்டு. கண்டுபிடிப்பில் புதுமை இருந்தால் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிறகே கட்டுரையை வெளியிடுங்கள். கட்டுரை முந்திவிட்டால் புதுமை இல்லை என்று காப்புரிமை மறுக்கப்படலாம்.

மூன்றாவது, பொதுவில் கிடக்கும் ஆவணங்கள். சுற்றுச்சூழல் அனுமதிக்காக நிறுவனங்கள் கொடுத்த அறிக்கைகள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் இருக்கின்றன. தண்ணீர்த் தேவை, கழிவு அளவு, நிலப் பயன்பாடு எல்லாம் அவற்றில் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொழிற்சாலைகளின் ஆண்டாய்வு, செயற்கைக்கோள் படங்கள் ஆகியவையும் இலவசம். இல்லாததை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டுப் பெறலாம்.

நான்காவது, மக்கள். தொழிலாளர்கள், விடுதி நடத்துபவர்கள், ஷேர் ஆட்டோ ஓட்டுநர்கள், நிலத்தை விற்றவர்கள். இவர்களைப் பேட்டி எடுப்பதற்கு முன் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் பெறுங்கள். பேசுபவரின் பெயரும் ஆலையும் அடையாளம் தெரியாதபடி எழுதுங்கள். உங்கள் கட்டுரையால் ஒருவருக்கு வேலை போகக்கூடாது.

கேள்வியை உலகத்தோடு இணையுங்கள்

உள்ளூர்த் தகவல் மட்டும் போதாது. இங்கே ஆலை நடத்தும் ஃபாக்ஸ்கான் சீனத்தின் ஷென்ஜெனிலும் இருக்கிறது, சாம்சங் வியட்நாமின் பாக் நின்னிலும் இருக்கிறது, ஹூண்டாய் கொரியாவின் உல்சானிலும் இருக்கிறது. சீன ஃபாக்ஸ்கான் தொழிலாளர் பற்றி ஜென்னி சான், மார்க் செல்டன், புன் ங்காய் எழுதிய நூல் 2020இல் வந்தது. இங்குள்ள விடுதிகளைப் பற்றி எழுதும்போது அந்த ஆய்வோடு ஒப்பிட்டு எழுதினால், சீனத்தை ஆராய்பவரும் உங்கள் கட்டுரையைத் தேடி வருவார். தலைப்பில் ஒரகடம் இருக்கட்டும். முதல் பத்தியில், ஒரகடத்தைப் பற்றித் தெரியாதவர் இதை ஏன் படிக்க வேண்டும் என்பதற்கான பதில் இருக்கட்டும்.

4. இதழைத் தேர்ந்தெடுப்பது

முன்பு யுஜிசி ஒரு பட்டியல் வைத்திருந்தது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை ஒரே நாளில் நீக்கியது. அதன்பின் வந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. இதழ் நல்லதா என்று பார்க்கும் பொறுப்பு இப்போது கல்லூரிகளிடமும் உங்களிடமும் வந்திருக்கிறது. கீழ்வரும் சோதனைகளைச் செய்துவிட்டு அனுப்புங்கள்.

• அந்த இதழில் கடந்த ஓராண்டில் வந்த மூன்று கட்டுரைகளையாவது முழுதாகப் படியுங்கள். உங்களுக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லையென்றால் அது உங்களுக்கான இதழ் அல்ல.

• ஆசிரியர் குழுவில் இருப்பவர்களின் பல்கலைக்கழகப் பக்கங்களில் அந்த இதழின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

• ஸ்கோபஸில் இருக்கிறது என்று இதழே சொல்வதை நம்பாதீர்கள். ஸ்கோபஸ் தளத்தில் ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டு, இப்போதும் சேர்க்கப்படுகிறதா, நிறுத்தப்பட்டதா என்று பாருங்கள். அங்கே கொடுத்திருக்கும் முகவரி வழியாகவே இதழின் தளத்துக்குப் போங்கள். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்துப் போலித் தளம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள்.

• சில நாளில் ஏற்றுக்கொள்கிறோம், பணம் கட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும் எந்த அழைப்புக்கும் பதில் அனுப்பாதீர்கள்.

• சிறப்பிதழ் அழைப்புகளை இரட்டைக் கவனத்துடன் பாருங்கள். 2023இல் ஹிந்தாவி இதழ்களிலிருந்து 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை சிறப்பிதழ்களில் வந்தவை.

பணம் கட்டி வெளியிட வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில்: கட்டணமில்லாத நல்ல இதழ்கள் எல்லாத் துறைகளிலும் இருக்கின்றன. முதலில் அவற்றுக்கு அனுப்புங்கள். மறுத்தால் மதிப்பீட்டாளர் சொன்னதை வைத்துத் திருத்தி அடுத்ததற்கு அனுப்புங்கள். ஆறு மாதம் கூடும், கட்டுரையும் தேறும்.

5. வெளிவந்த பிறகு வேலை முடிந்துவிடுவதில்லை

படிக்கக் கிடைக்காத கட்டுரையை ஒருவரும் மேற்கோள் காட்ட முடியாது. 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. நம் வட்டாரத்தில் நிறைந்திருக்கும் சுயநிதிக் கல்லூரிகள் அதன் முதற்கட்டத்தில் இல்லை. நமக்குக் கட்டுரைகள் எட்டாதது போலவே நம் கட்டுரையும் எத்தனையோ பேருக்கு எட்டாது.

சென்னையைச் சேர்ந்த சுப்பையா அருணாசலம் இந்திய அறிவியலை மேற்கோள் கணக்கால் ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணிபுரிந்தவர். அவர் பல ஆண்டுகள் விடாமல் வலியுறுத்தியது ஒன்று: ஆய்வாளர் தம் கட்டுரையைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும். பல இதழ்கள், அச்சு வடிவமைப்புக்கு முந்தைய, மதிப்பீடு முடிந்த பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க அனுமதிக்கின்றன. சில இதழ்கள் குறிப்பிட்ட மாதங்கள் காத்திருக்கச் சொல்கின்றன. இதழின் விதியைப் படித்து, அந்தப் பிரதியைக் கல்லூரிக் களஞ்சியத்திலோ ஸெனோடோ போன்ற இலவசத் தளத்திலோ வையுங்கள். நீங்கள் சேகரித்த தரவையும் தனியாகப் பதிவேற்றி அதற்கு டிஓஐ எண் பெறுங்கள். தரவுக்கும் மேற்கோள் வரும்.

அடுத்து, நீங்கள் மேற்கோள் காட்டியவர்களில் இன்றும் எழுதிக்கொண்டிருக்கும் பத்துப் பேருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்கள் முடிவு அவர்கள் முடிவோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுபடுகிறது என்று நான்கு வரியில் சொன்னால் போதும். மேற்கோள் காட்டும்படி கேட்காதீர்கள். கூடவே, ஆய்வின் சாரத்தைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, தகவல் கொடுத்த தொழிலாளர்களுக்கும் பட்டறைக்காரருக்கும் ஊராட்சிக்கும் கொடுங்கள். அதற்கு எந்தத் தளத்திலும் எண் ஏறாது. ஆனாலும் அது அவர்களுக்கு நாம் திருப்பிக் கொடுக்க வேண்டியது. அடுத்த ஆய்வுக்குக் கதவு திறப்பதும் அதுவே.

6. செய்யக்கூடாதவை

எண்ணுக்கு அழுத்தம் கூடும்போது எண்ணையே நேரடியாக ஊதிப் பெருக்கும் ஆசையும் கூடுகிறது. சென்னையை ஒட்டிய ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டித் தரவரிசையில் ஏறியதாக 2023 ஜூனில் சயின்ஸ் இதழ் எழுதியது. கல்லூரி முறைகேட்டை மறுத்தது. எப்படியானாலும் அந்தச் செய்தி உலகெங்கும் போனது. 2025 தரவரிசையிலிருந்து, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்காக என்ஐஆர்எஃப் மதிப்பெண்ணைக் குறைக்கத் தொடங்கியிருக்கிறது.

தன் முந்தைய கட்டுரையைத் தேவையான இடத்தில் சுட்டுவது தவறல்ல. 95 மேற்கோளில் 30 உங்களுடையதே என்றால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதை விளக்க உங்களால் முடிய வேண்டும். ஸ்கோபஸில் தன்மேற்கோளை நீக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. மதிப்பிடுபவரும் அதை அழுத்திப் பார்ப்பார்.

துறைக்குள் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டுவது என்று உடன்பாடு செய்யாதீர்கள். விலைக்கு வரும் ஆசிரியர் இடத்தை வாங்காதீர்கள். உழைக்காத மேலதிகாரியின் பெயரைச் சேர்க்காதீர்கள். உங்களிடம் ஆய்வு செய்யும் ஸ்காலர் தன் வேலையை எழுதும்போது முதல் ஆசிரியர் இடம் அவருக்கே உரியது. கைடு என்ற முறையில் அதை நீங்கள் எடுத்துக்கொண்டால் அது அவர் வாழ்க்கையில் கை வைப்பதாகும். யுஜிசியின் 2018 விதிப்படி 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. அந்த எல்லைக்குள் வந்துவிட்டது என்பதற்காக இன்னொருவரின் கருத்தைச் சொல் மாற்றி எழுதுவது நேர்மையாகிவிடாது.

ஜான் அயோனிடிஸ் குழு ஆண்டுதோறும் வெளியிடும் முதல் 2 விழுக்காடு ஆய்வாளர் பட்டியலுக்குக் கல்லூரிகள் ஃபிளெக்ஸ் வைக்கின்றன. அந்தப் பட்டியலில் சேர விண்ணப்பமும் இல்லை, கட்டணமும் இல்லை. சேர்த்துவிடுகிறேன் என்று பணம் கேட்பவர் ஏமாற்றுகிறார்.

7. ஆண்டுத் திட்டமும் நேர்காணலும்

ஜனவரி: கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மூன்று தளங்களிலும் உங்கள் எண்களைத் தேதியுடன் ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளுங்கள். பெயர்ப் பிழைகளைத் திருத்துங்கள்.

மே, ஜூன்: கோடை விடுமுறை களத்துக்கானது. தரவு சேகரிப்பை இந்த நாள்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை முதல் அக்டோபர் வரை: வாரத்துக்கு ஒரு காலைப்பொழுதை எழுதுவதற்கு ஒதுக்குங்கள். துறைத் தலைவரிடம் சொல்லி டைம்டேபிளிலேயே அதைக் குறிக்கச் செய்யுங்கள்.

நவம்பர், டிசம்பர்: ஒரு நல்ல இதழுக்கு அனுப்புங்கள். ஆண்டுக்கு ஒன்று போதும். பத்து ஆண்டில் பத்துக் கட்டுரை. அத்தனையும் ஒரே கேள்வியின் கிளைகளாக இருந்தால் உங்கள் பெயரும் அந்தக் கேள்வியும் பிரிக்க முடியாதபடி சேர்ந்துவிடும்.

நேர்காணலுக்குப் போகும்போது எண்களை ஒரு வரியில் சொல்லிவிட்டு, உங்கள் மூன்று சிறந்த கட்டுரைகளைப் பற்றிப் பேசுங்கள். என்ன கேள்வி, என்ன கண்டீர்கள், அதை யார் எப்படிப் பயன்படுத்தினார்கள். மேற்கோள் காட்டியவர் உங்கள் முறையைத் தம் ஆய்வில் கையாண்டிருந்தால், அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். ஓர் ஆலை உங்கள் முடிவைப் பின்பற்றிக் கழிவைக் குறைத்திருந்தால் அதன் கடிதத்தை வையுங்கள்.

எண் எட்டாத இடமும் உண்டு என்று சொல்லத் தயங்காதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பிறந்தது ராமச்சந்திரன் வரைபடம். புரதத்தின் அமைப்பைச் சரிபார்க்க உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். இன்று அதைப் பயன்படுத்துபவர்களில் பலர் மூலக் கட்டுரையை மேற்கோள் பட்டியலில் சேர்ப்பதில்லை. வரைபடத்தின் பெயரைச் சொன்னாலே போதும் என்றாகிவிட்டது. எந்தத் தளத்தின் கணக்கும் அந்த ஆய்வின் முழுப் பயனைக் காட்டாது.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. பெயரின் ஒரே வடிவத்தை முடிவுசெய்து ஆர்க்கிட் எண் பெறுங்கள்.
2. கூகுள் ஸ்காலரில் உங்களுடையது அல்லாத கட்டுரைகளை நீக்குங்கள்.
3. ஸ்கோபஸில் பிரிந்து கிடக்கும் பக்கங்களை ஒன்றாக்க விண்ணப்பியுங்கள்.
4. தன்மேற்கோளை நீக்கி உங்கள் எச்-இன்டெக்ஸை மீண்டும் கணக்கிடுங்கள்.
5. கல்லூரியிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் நடக்கும், நீங்கள் அளக்கக்கூடிய மூன்று மாற்றங்களை எழுதுங்கள்.
6. அவற்றில் ஒன்றைப் பற்றி ஏற்கெனவே யார் எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படியுங்கள்.
7. தரவு கேட்டு ஒரு பட்டறைக்கோ அலுவலகத்துக்கோ கடிதம் எழுதுங்கள்.

முதல் நான்கும் இருக்கும் கணக்கை நேராக்கும். அடுத்த மூன்றும் கணக்கை வளர்க்கும். இந்த வட்டாரத்தின் நிலமும் நீரும் உழைப்பும் எப்படி மாறின என்பதை நாளை ஒருவர் எழுத உட்காரும்போது, இங்கே வாழ்ந்து, அளந்து, சரிபார்த்து எழுதிய ஆசிரியரின் கட்டுரை அவருக்குக் கிடைக்க வேண்டும். அதை எழுதும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். ஏழாவது வேலையான அந்தக் கடிதத்தை இன்றே எழுதத் தொடங்குங்கள்.